மூன்று தடவை கூப்பிட்டார்கள்

வாய்தா நாளன்று அப்பா விடிந்ததும் குளித்துவிடுவார். வெள்ளை வேட்டி, முழுக்கைச் சட்டை, நெற்றி நிறையத் திருநீறு, கையில் கேஸ் கட்டு வைத்த மஞ்சள் பை. தெரியாதவர்கள் பார்த்தால் எங்கேயோ பெண் பார்க்கக் கிளம்பிவிட்டார் என்றுதான் நினைப்பார்கள். அரியலூர் கோர்ட்டில் அவருக்கும் அவருடைய பங்காளி ஒருவருக்கும் ஒரு வரப்பைப் பற்றி வழக்கு. நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது ஆரம்பித்தது. எங்கள் பக்கத்தில் சிமென்ட்டுக்காகச் சுண்ணாம்புக்கல் தோண்ட ஆரம்பித்த பிறகு, முந்திரியைத் தவிர ஒன்றும் விளையாத செம்மண்ணுக்குத் திடீரென்று மரியாதை வந்துவிட்டது. ஆடு மேய்ந்துகொண்டிருந்த வரப்பெல்லாம் கோர்ட் ஏறியது. நடுவில் பெரம்பலூரிலிருந்து அரியலூரைத் தனி மாவட்டமாகப் பிரித்தார்கள், பிறகு சேர்த்தார்கள், மறுபடியும் பிரித்தார்கள். அப்பாவின் கேஸ் மட்டும் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை.

அது அசையாமல் பார்த்துக்கொண்டதே அப்பாதான். வரப்பு அப்பாவின் அனுபவத்தில் இருந்தது. கேஸ் நடக்கிற வரைக்கும் அது அவருடையதுதான். அதனால் வாய்தா வாங்கி வாங்கித் தள்ளிப்போடுவதே அவருக்கு வெற்றி. முதலில் சம்மனை வாங்காமல் திருப்பி அனுப்புவது. சம்மன் கொடுக்கக் கோர்ட் அமீனா வந்தால் ஆள் ஊரில் இல்லை என்று சொல்வது. கதவில் ஒட்டிவிட்டுப் போனால், "எந்தக் கதவு, எங்க வூட்டுக் கதவா?" என்று கேட்பது. அப்படியும் மீறி ஒருதலையாகத் தீர்ப்புச் சொல்லிவிட்டால், காய்ச்சல் என்று ஒரு மனுவைப் போட்டு, செலவுத்தொகை கட்டி, எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பது. ஊரில் யாருக்குக் கோர்ட் சம்மன் வந்தாலும் முதலில் எங்கள் வீட்டுக்குத்தான் ஓடி வருவார்கள். அப்பா காலை மடக்கி உட்கார்ந்துகொண்டு, "மொதல்ல வாங்காத. வாங்கினாத்தானய்யா கேசு" என்பார்.

அந்த வித்தையால்தான் என் பெண் என்னிடமிருந்து போனாள். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எனக்குக் கல்யாணம் ஆனது தொண்ணூற்றொன்பதில். மாப்பிள்ளை அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலை. நான் திருச்சியில் பி.எஸ்சி. முடித்துவிட்டு, அடுத்து என்ன என்று முழித்துக்கொண்டிருந்தேன். ஊரே வாயைப் பிளந்தது. தெற்கே ஒரு மாநிலத்தில், வெயிலில் நம்மூருக்குக் கொஞ்சமும் சளைக்காத ஒரு ஊரில் குடும்பம் நடத்தினோம். அங்கேதான் என் பெண் பிறந்தாள். எனக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. யார் மேல் தப்பு என்று இப்போது எழுதினால் நான் என் பக்கம்தான் எழுதுவேன், அதை விடுங்கள்.

இரண்டாயிரத்து மூன்றில் அம்மா இறந்துவிட்டாள். மாரடைப்பு. அடித்துப் பிடித்துக் கிளம்பினேன். பாப்பாவுக்கு அமெரிக்க பாஸ்போர்ட். அவளை இந்தியாவுக்குக் கூட்டிவர விசா வாங்க வேண்டும், அதற்கு நேரமில்லை. மாமியார் அப்போது எங்களோடுதான் இருந்தார். "நீ போயிட்டு வா, நான் பாத்துக்கறேன்" என்றார். பாப்பாவுக்கு இரண்டு வயது முடிந்திருந்தது. ஏர்போர்ட்டில் என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்து வைத்துக்கொண்டு விடவே மாட்டேன் என்றாள். பிஸ்கட்டைக் காட்டி விடுவித்தோம்.

கருமாதி முடிந்து கிளம்பும் நேரத்தில்தான் சிக்கல் தெரிந்தது. என் பாஸ்போர்ட்டில் இருந்த விசா காலாவதியாகியிருந்தது. சென்னை அமெரிக்கத் தூதரகத்தில் புதிதாக முத்திரை குத்தி வாங்க வேண்டும். அதற்குக் கணவரின் வேலைக் காகிதங்கள் வேண்டும். அவர் அனுப்பவில்லை. முதலில் இந்த வாரம் என்றார், பிறகு ஆபீஸில் தரவில்லை என்றார், பிறகு போனை எடுக்கவே இல்லை. ஒருநாள் எடுத்தார். "கோர்ட்லேந்து பேப்பர் வரும். வாங்கிக்க. இனிமே எல்லாம் அதுல பேசிக்கலாம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். பின்னால் பாப்பா எதற்கோ அழுதுகொண்டிருந்தாள். எதற்கு அழுதாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

கூரியர்காரன் அரியலூரிலிருந்து மொபெட்டில் வந்தான். பெரிய அட்டை உறை. அனுப்பியது ஒரு வக்கீல் ஆபீஸ். நான் உள்ளறையிலிருந்து வெளியே வந்து கையை நீட்டினேன். அப்பா குறுக்கே வந்து நின்றுகொண்டார்.

"யாரு பேருக்குப்பா வந்திருக்கு?"

அவன் என் பேரைச் சொன்னான்.

"அது ஊர்ல இல்லியேப்பா. மெட்ராஸ் போயிருக்கு. எப்ப வரும்னு தெரியாது."

நான் அங்கேதான் நிற்கிறேன்! அவன் என்னைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான். வெயிலில் வந்திருக்கிறான் பாவம் என்று அப்பா அவனுக்கு ஒரு சொம்பு மோர் கொடுத்து அனுப்பிவைத்தார். பிறகும் இரண்டு முறை வந்தான். கடைசித் தடவை எதையோ எழுதிக்கொண்டு போனான்.

"என்னப்பா பண்றீங்க, அதுல என்ன இருக்குன்னாவது பாக்க வேணாமா?" என்று நான் குதித்தேன்.

"ஒனக்குத் தெரியாதும்மா. அத வாங்கினேன்னு வையி, கேசு இன்னிக்கே ஆரம்பிச்சிடும். வாங்கலன்னா அவன் மறுபடி அனுப்பணும். அப்பறம் பேப்பர்ல வெளம்பரம் குடுக்கணும். அதுக்கே ஒரு வருஷம் ஓடிடும். அதுக்குள்ள அவனுக்கே மனசு எறங்கும். குட்டிய வெச்சுக்கிட்டு தனியா எத்தன நாளு தள்ளுவான்? தானா வருவான் பாரு."

"அது அமெரிக்காப்பா."

"கோர்ட்டுன்னா எல்லா எடத்துலயும் கோர்ட்டுதான். வெள்ளக்காரன் வெச்சதுதானே நம்ம கோர்ட்டு?"

அவர் சொன்னதில் பாசம் இருந்தது. ஒரு மனிதன் தனக்குத் தெரிந்த ஒரே ஆயுதத்தை எடுத்துத் தன் பெண்ணுக்காகச் சுற்றினான். பெண்டாட்டியைப் பறிகொடுத்து மூன்று மாதம் கூட ஆகாத ஆள் வேறு. நானும் வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்த வருஷம் மழைக்காலத்தில், சாதாரணத் தபாலில், சாதாரண வெள்ளை உறையில் ஒன்று வந்தது. தபால்காரர் ஜன்னல் கம்பியில் செருகிவிட்டுப் போய்விட்டார். வாங்க மாட்டேன் என்று சொல்ல ஆளே இல்லை, அதுவாக உள்ளே வந்துவிட்டது. நின்றபடியே பிரித்துப் படித்தேன்.

விவாகரத்து கொடுத்துவிட்டார்கள். குழந்தை முழுக்கத் தகப்பனிடம். தாய் குழந்தையைக் கைவிட்டு நாட்டைவிட்டுச் சென்றார் என்று மனுவில் எழுதியிருந்ததைக் கோர்ட் ஏற்றுக்கொண்டது. கைவிட்டுச் சென்றாராம்! பிஸ்கட்டைக் காட்டி விடுவித்துக்கொண்டு வந்தவளை! காகிதக் கட்டின் கடைசியில், அன்றைய நடவடிக்கை என்று ஒரு தாள் இருந்தது. மனுதாரர் ஆஜர். எதிர்மனுதாரர் பெயர் கோர்ட் நடைபாதையில் மூன்று தடவை கூப்பிடப்பட்டது, பதில் இல்லை.

எனக்கு அரியலூர் கோர்ட் ஞாபகம்தான் வந்தது. அங்கேயும் அப்படித்தான். டவாலி போட்ட ஆள் வராந்தாவில் வந்து நின்று, கழுத்தைத் தூக்கிக்கொண்டு, பேரை மூன்று தடவை கூப்பிடுவார். டீக்கடையில் இருப்பவன்கூடக் காதைத் தீட்டிக்கொண்டு ஓடி வருவான். பார்த்தேயிராத ஒரு நடைபாதையில், பார்த்தேயிராத ஒரு ஆள், நாக்கு சுளுக்கிக்கொள்ளும்படி என் பேரைக் கூப்பிட்டிருக்கிறான். நான் அந்த நேரத்தில் இங்கே தூங்கிக்கொண்டு இருந்திருப்பேன்.

அப்பாவிடம் காகிதத்தை நீட்டினேன். இங்கிலீஷ் தெரியாது, ஆனாலும் வாங்கிப் புரட்டிப் பார்த்தார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "ஒருதலையாத்தானே குடுத்திருக்கான்? ஒரு மனு போட்டா ஒடஞ்சிடும், கெளம்பு" என்று மஞ்சள் பையை எடுத்தார். இரண்டு பேரும் அரியலூரில் அவருடைய வக்கீலிடம் போனோம். வக்கீல் நல்ல மனிதர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுக்கப் படித்தார்.

"இது அந்த ஊரு கோர்ட்டுங்க. நம்ம மனு அங்க எடுபடாது. அங்கயே வக்கீல் வெச்சுத்தான் போடணும்."

"அப்ப நாம இங்க ஒரு கேசு போட்டா?" என்றார் அப்பா.

"போடலாம். ஆனா நம்ம சம்மன அவரு அங்க வாங்கணுமேங்க. வாங்காம திருப்பி வுட்டாருன்னா?"

அப்பா காகிதங்களை மஞ்சள் பைக்குள் திணித்துக்கொண்டு எழுந்தார். பஸ்ஸில் திரும்பினோம். சிமென்ட் லாரிக்குப் பின்னாலேயே பஸ் ஊர்ந்தது. ஜன்னலை மூடச் சொல்லிக் கண்டக்டர் கத்தினார். அப்பா திறந்தே வைத்திருந்தார். தூசி அவர் முகத்தில் அப்பிக்கொண்டது.

நான் பெரம்பலூரில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலைக்குச் சேர்ந்தேன். சாயங்காலம் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பிரௌசிங் சென்டரில் போய் உட்காருவேன். பக்கத்துத் தடுப்பில் காலேஜ் பையன்கள் கார் ஓட்டி விளையாடிக்கொண்டிருப்பார்கள், டமால் டுமீல் என்று சத்தம். நான் அமெரிக்கக் கோர்ட் எப்படி நடக்கிறது என்று படித்துக்கொண்டிருப்பேன். என்னை மாதிரி ஒன்றும் தெரியாத ஜனங்களுக்காகவே அந்த ஊர்க் கோர்ட் எழுதிப் போட்டிருந்த பக்கம் ஒன்று கிடைத்தது. அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொல்வேன். அவருக்கு அதில் அப்படி ஒரு ஆர்வம், பாவி மனுஷனுக்கு.

நம்மூரில் முன்சீப் கோர்ட், சப் கோர்ட், ஜில்லா கோர்ட், அதற்கு மேல் மெட்ராஸ், அதற்கும் மேல் டெல்லி. ஒரே ஏணி. அங்கே அப்படியில்லை. ஐம்பது மாநிலத்துக்கும் ஐம்பது ஏணி, மத்திய அரசுக்குத் தனியாக ஒன்று. கல்யாணம், விவாகரத்து, குழந்தை எல்லாம் மாநிலத்து ஏணியிலேயே முடிந்துவிடும். வாஷிங்டனில் இருக்கிற பெரிய கோர்ட் தனக்கு இஷ்டப்பட்ட கேஸைத்தான் எடுத்துக்கொள்ளும், என்னை மாதிரி ஆள் கதவைத் தட்டினால் திறக்காது. மாநிலத்துக்குள் தாலுகா மாதிரி கவுண்டி என்று ஒன்று. அங்கேதான் என் கேஸ். பல மாநிலங்களில் ஜட்ஜைக்கூட ஓட்டுப் போட்டுத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள்.

"ஜட்ஜுக்கு ஓட்டா? அப்ப கட்சிக்காரனா?" என்று அப்பா சிரித்தார். அம்மா போன பிறகு அவர் சிரித்துப் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஊர் ஜனங்கள் பன்னிரண்டு பேரை உட்கார வைத்துத் தீர்ப்புக் கேட்பார்களே, அந்த ஜூரி என் மாதிரிக் கேஸுக்கு வராது என்று போட்டிருந்தது. ஒரே ஒரு ஜட்ஜ்தான். சம்மன் கிடைத்த நாளிலிருந்து முப்பது நாளுக்குள் பதில் எழுத வேண்டும். எழுதாவிட்டால், மனுவில் என்ன எழுதியிருக்கிறதோ அதை நீ ஒப்புக்கொண்ட மாதிரி. அரியலூரில் மனுவில் எதை வேண்டுமானாலும் எழுதுவார்கள். அப்பா மேல் பங்காளி எழுதியதைப் படித்தால் அவர் ஒரு கொள்ளைக்கூட்டத் தலைவர். யாரும் அதைச் சட்டை செய்வதில்லை. அங்கே, மறுக்காமல் விட்ட ஒரு வரி, உண்மையாகவே ஆகிவிடுகிறது.

அதைவிடக் கொடுமை ஒன்று இருந்தது. மேல்கோர்ட்டுக்குப் போனால் புதிதாகச் சாட்சி கேட்க மாட்டார்கள். கீழ்க்கோர்ட்டில் யார் என்ன பேசினார்கள் என்று ஒரு வார்த்தை விடாமல் எழுதி வைத்திருப்பார்களே, அதை மட்டும் எடுத்து வைத்துப் படிப்பார்கள். கீழ்க்கோர்ட்டில் நான் ஒன்றும் பேசவில்லை. படிப்பதற்கு என் வாயிலிருந்து ஒரு வார்த்தைகூட அங்கே இல்லை. அந்தக் கட்டில் என்னைப் பற்றி இருந்தது எல்லாம், மூன்று தடவை கூப்பிட்டும் வராதவள் என்பதுதான்.

அன்றைக்கு அப்பாவிடம் நன்றாகக் கத்திவிட்டேன். "ஒங்க வரப்பு எங்கயும் ஓடிடாதுப்பா. நீங்க எத்தன வாய்தா வாங்கினாலும் அது அங்கயே கெடக்கும். எம்பொண்ணு அப்பிடியா? வளந்துகிட்டே இருக்காப்பா அவ! என்னைய மறந்துகிட்டே இருக்கா!" அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சோற்றில் கையை வைத்தபடியே உட்கார்ந்திருந்தார். அப்புறம் தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்து போனார்.

தீர்ப்பை ரத்து செய்யக் கேட்கும் மனுவை வக்கீல் இல்லாதவர்களும் தாங்களே போடலாம் என்று அந்தப் பக்கத்தில் இருந்தது. படிவத்தை இறக்கி, நானே எழுதி, அனுப்பினேன். நேரில் வர முடியாதவர்கள் போனில் ஆஜராகலாம் என்றும் இருந்தது. ஐயோ, அந்த முதல் அட்டை உறைக்குள்ளேயும் அந்த வரி இருந்திருக்கும்தானே! வாங்கியிருந்தால் நான் அன்றைக்கே போனில் பேசியிருப்பேன். இதை அப்பாவிடம் சொல்லவில்லை.

தேதி கொடுத்தார்கள். அவர்களுக்குக் காலை, நமக்கு விளக்கு வைத்த பிறகு. ஊரில் எங்கள் வீட்டுப் போன் மழை தூறினால் செத்துவிடும். அதனால் அரியலூர் ரயில்வே ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு ஐ.எஸ்.டி. பூத்துக்குப் போனோம். கண்ணாடிக் கதவு போட்ட கூண்டு. உள்ளே ஒரு ஆள்தான் நிற்க முடியும். அப்பா வாய்தா உடுப்பில் வந்திருந்தார், திருநீறு உட்பட. வழியெல்லாம் ஒரே பாட்டுத்தான்: "பேப்பர் வந்ததே தெரியாதுன்னு சொல்லு. நீ ஊர்ல இல்ல. மெட்ராஸ்ல இருந்த. அப்பன் வயசான ஆளு, சொல்ல மறந்துட்டான்னு சொல்லு. எம்மேல பழியப் போட்டுடு. எனக்கென்ன."

கோர்ட்டிலிருந்து ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரை லைனில் போட்டார்கள். யாழ்ப்பாணத்துப் பெண்மணி, வயதானவர் மாதிரிக் குரல். "நீங்கள் உண்மை மட்டும்தான் கதைப்பீர்கள் எண்டு சத்தியம் செய்யிறீங்களோ?" என்று கேட்டார். அந்த நேரம் பார்த்து ஒரு கூட்ஸ் வண்டி தடதடவென்று போனது. நான் காதைப் பொத்திக்கொண்டு நின்றேன். ஜட்ஜ் ஒரு பெண். "அது ரயிலா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "போகட்டும், காத்திருக்கிறேன்" என்றார். உண்மையிலேயே அத்தனை பெட்டியும் போகிற வரைக்கும் காத்திருந்தார். எனக்கு அந்த ஒரு நிமிஷம் நம்பிக்கை வந்தது.

"கூரியர் உங்கள் வீட்டுக்கு வந்தபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள்?"

மொழிபெயர்க்கும் அம்மா கேட்டு முடிக்கும் முன்பே கேள்வி எனக்குப் புரிந்துவிட்டது. கண்ணாடிக்கு வெளியே அப்பா நின்றுகொண்டிருந்தார். கண்ணாடியை விரலால் தட்டி, இல்லை இல்லை என்று கையை ஆட்டினார்.

எனக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று பெருமைப்பட இதை எழுதவில்லை. சொல்லியிருப்பேன். ஆனால் என் பெண்ணைப் பற்றி அந்தக் கோர்ட்டில் என் வாயிலிருந்து விழப்போகும் முதல் வார்த்தை அது. அதையாவது ஒழுங்காகச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

"வூட்லதாங்க இருந்தேன். வாசப்படியில நின்னேன். எங்கப்பா வாங்க வேணாம்னாரு. எங்க ஊர்ல யாரும் மொதல் தடவையில வாங்க மாட்டாங்க. எம்பொண்ண வுட்டுட்டுப் போகணும்னு நான் நெனச்சதே இல்லீங்க. எங்கம்மா செத்துப்போச்சுன்னு வந்தேன்."

அந்த அம்மா இதை மொழிபெயர்க்கும்போது அவர் குரல் ஒரு இடத்தில் தடுமாறியது. பிறகு ஜட்ஜ் மெதுவாகப் பேசினார். கூரியர்காரன் எழுதிக்கொடுத்த காகிதம் தன்னிடம் இருப்பதாகவும், வீட்டார் மோர் கொடுத்துவிட்டு உறையை வாங்க மறுத்தார்கள் என்று அதில் இருப்பதாகவும் சொன்னார். மோரைக்கூட எழுதியிருக்கிறான் அவன்! உங்கள் துக்கம் எனக்குப் புரிகிறது, ஆனால் தெரியாமல் இருப்பது வேறு, தெரிந்தே வாங்க மறுப்பது வேறு, தீர்ப்பை மாற்றச் சட்டத்தில் இடமில்லை என்றார். வாரம் ஒருமுறை குழந்தை தாயோடு போனில் பேச வேண்டும் என்று உத்தரவு போட்டார். நீங்கள் இங்கே வரும்போது புதிதாக மனு போடலாம் என்றும் சொன்னார். இரண்டு தடவை "ஐ ஆம் சாரி" என்றார். பங்காளியின் வக்கீலை அப்பா திட்டுவது மாதிரி அவரைத் திட்டக்கூட எனக்கு வழியில்லாமல் போய்விட்டது.

வெளியே வந்தேன். "என்னாச்சு? வாய்தா குடுத்தாங்களா?" என்றார் அப்பா.

"அங்க வாய்தாவே இல்லப்பா. முடிஞ்சுபோச்சு."

அங்கே வரும்போது மனு போடலாம் என்றாரே, அதற்காகச் சென்னையில் போய் விசாவுக்கு வரிசையில் நின்றேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவன் என் காகிதங்களைப் பார்த்துவிட்டு, நீங்கள் திரும்பி வருவீர்கள் என்று நம்ப முடியவில்லை என்றான். மறுபடி போனேன். மறுபடியும் அதையே வேறு ஒருத்தி சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போன். அதே பூத். உத்தரவு என்பதால் அந்தப் பக்கம் தவறாமல் எடுத்தார்கள். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது, அந்த ஊரில் உத்தரவு என்றால் உத்தரவுதான். முதலில் "அம்மா, அம்மா" என்று மூச்சு விடாமல் பேசினாள். பிறகு பாதி இங்கிலீஷ். பிறகு நான் கேட்பதற்கு மட்டும் பதில். சாப்பிட்டியா, சாப்பிட்டேன். ஸ்கூல் போனியா, போனேன். பின்னால் டி.வி. ஓடும். அவள் கண் அதில்தான் இருக்கிறது என்று எனக்குத் தெரியும், குழந்தைதானே.

அவளுக்கு ஐந்து வயதானபோது, ஒரு ஞாயிறு, அவளாகவே ஒன்று கேட்டாள். அபூர்வமாக டி.வி. சத்தம் இல்லை.

"அம்மா, ஜட்ஜ் ஒன் பேரக் கூப்டாங்களாம்?"

"யாருடா சொன்னா?"

"பாட்டி. மூணு தடவ கூப்டாங்களாம். லவுடா. நீ வரலயாம்." கொஞ்சம் நிறுத்தினாள். "ஏம்மா? நீ தூங்கிட்டியா?"

ஆமாம் என்று சொல்வதா, இல்லை என்று சொல்வதா? ஐந்து வயதுக் குழந்தைக்கு சம்மனைப் பற்றி என்ன சொல்ல? நான் பேசாமல் இருப்பதைப் பார்த்துவிட்டு அவளே, "இட்ஸ் ஓகே, நானும் தூங்கிடுவேன்" என்றாள். பெரிய மனுஷி மாதிரி எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள்.

வெளியே பெஞ்சில் அப்பா உட்கார்ந்திருந்தார். "என்ன சொல்லுச்சு குட்டி?" என்று ஆசையாகக் கேட்டார். ஒவ்வொரு ஞாயிறும் இதற்காகத்தான் கூட வருவார். வேறு நாளாக இருந்தால் எதையாவது சொல்லி மழுப்பியிருப்பேன். அன்றைக்கு முடியவில்லை. ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். கடைசியில் அவள் சொன்ன ஆறுதலையும் சேர்த்துச் சொன்னேன். அப்பா துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். ரயிலுக்குப் போகிறவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

அதற்கடுத்த வாய்தாவுக்கு அவர் கிளம்பவில்லை. குளிக்கவில்லை. மஞ்சள் பை ஆணியிலேயே தொங்கியது. பஸ் வருகிற நேரமாகிவிட்டது. நானும் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன்.

"கோர்ட்டுக்குப் போலயாப்பா?"

"போவல."

"பேரக் கூப்புடுவாங்களே."

"கூப்புட்டுட்டுப் போறான். வரப்பு போனாப் போவுது போ."

எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு கோபம் வந்ததோ. அலமாரியிலிருந்து வேட்டியை எடுத்து அவர் மடியில் விட்டெறிந்தேன். "எந்திரிங்க! கூப்புடுற எடத்துல ஆளு இருக்கணும். எந்திரிங்கப்பா!" என்று கத்தினேன். பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தது. பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு, நானே அவரைக் கையைப் பிடித்து பஸ்ஸில் ஏற்றி, அரியலூருக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

கோர்ட் வராந்தாவில் உட்கார வைத்தேன். திருநீறு இல்லாமல் அவர் முகம் வேறு யாரோ மாதிரி இருந்தது. கேஸ் நம்பர் ஒவ்வொன்றாகப் போயிற்று. டவாலி போட்டவர் வாசலுக்கு வந்து, கழுத்தைத் தூக்கி, அப்பாவின் பேரைக் கூப்பிட்டார். அப்பா எழுந்திருக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டாவது தடவை கூப்பிட அந்த ஆள் வாயைத் திறந்தார்.

"இருக்கோம்!" என்று நான் கத்தினேன். "இருக்கோங்க! இங்கதான் இருக்கோம்! வந்துட்டோம்!"

வராந்தாவே திரும்பிப் பார்த்தது. உள்ளே பேசிக்கொண்டிருந்த வக்கீல்கூட நிறுத்திவிட்டார். எனக்கு நிறுத்தத் தெரியவில்லை, கையைத் தூக்கிக்கொண்டு, இருக்கோம் இருக்கோம் என்று சொல்லிக்கொண்டே நின்றேன். டவாலிக்காரர் பதறிப்போய் என் பக்கத்தில் வந்தார்.

"அதான் வந்துட்டீங்கள்ல? அப்பறம் என்னத்துக்கும்மா அழுவுறீங்க?"